இளகுசுவர்

“லாஃப்ட்டுன்னா பரண்தானே? எங்க வீட்ல பழைய அண்டாவையும் கிறிஸ்துமஸ் குடிலையும் தூக்கிப் போட்டு வைக்கிற இடம்” என்றாள் அமலி.

விற்பனைப் பிரிவுப் பெண் தர்ஷினி சிரித்தாள். வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள் போலிருந்தது. “அதே பேர்தான் மேம். ஆனா இது ஆள் குடியிருக்கிற பரண்.”

வட சென்னையில் ஒரு காலத்தில் நூற்பாலையாக ஓடி, பிறகு நெடுங்காலம் பூட்டிக் கிடந்து, இப்போது குடியிருப்பாக மாறியிருந்த கட்டடம் அது. கூரை மூன்று ஆள் உயரத்தில் இருந்தது. பூச்சு இல்லாத செங்கல், வார்ப்பிரும்புத் தூண்கள், ஆலை ஓடிய நாளில் வெளிச்சத்துக்காக வைத்த ஆளுயர ஜன்னல்கள். நாலாவது மாடியில் ஒரு வீட்டை மட்டும், வாங்குகிறவர்கள் முன்னோட்டமாகக் குடியிருந்து பார்க்கவென்று வைத்திருந்தார்கள். அதைத்தான் தர்ஷினி காட்டிக்கொண்டிருந்தாள். அமலியின் முழங்கைக்கு அருகிலேயே அவள் கணவன் பெனட் நடந்து வந்தான்.

“மூணு மாதிரி இருக்கு சார். முதல்ல ஆலை மாதிரி. ஒரே கூடம், நடுவுல ஒரு சுவரும் கிடையாது. ரெண்டாவது மாடம் மாதிரி. பாதி உயரத்துல ஒரு தளம் வரும், படியேறிப் போகணும், மேல நின்னா கீழ எல்லாம் தெரியும். மூணாவது அறை மாதிரி. கூடத்துக்குள்ளயே ஒரு மூடின அறை, கதவோட.”

“எங்களுக்கு முதல் மாதிரியே போதும்” என்றான் பெனட். “நடுவுல சுவர் எதுக்கு? நாங்க ரெண்டே பேர்.”

“அதை நீங்க தேர்ந்தெடுக்க வேண்டாம் சார். வீடே தேர்ந்தெடுக்கும்.”

பெனட் நின்றான். “அது எப்படி?”

தர்ஷினி பக்கத்திலிருந்த வெள்ளைத் தடுப்பைத் தட்டிக் காட்டினாள். கல்போலக் கெட்டியாக ஒலித்தது. “இது இளகுசுவர். கரண்ட் பாய்ஞ்சா மெழுகு மாதிரி இளகும், நகரும், உயரும். கரண்டை நிறுத்தினா இறுகிடும். தரைக்கு அடியில காது இருக்குன்னு வெச்சுக்கோங்க. உங்க நெஞ்சு அடிக்கிறது, மூச்சு, பாதத்து வியர்வை, எல்லாம் அதுக்குத் தெரியும். மூணு மாதிரியிலும் உங்களை இருக்க வெச்சு, எதுல ரெண்டு பேரும் அமைதியா இருக்கீங்கன்னு பார்க்கும். வாயால எல்லாரும் ஒண்ணு சொல்வாங்க சார். ‘எனக்கு எதுன்னாலும் சரி’ன்னு சொல்லிட்டு அப்புறம் ஆயுசு பூரா முணுமுணுப்பாங்க. உடம்பு பொய் சொல்லாது.”

அமலி செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் காலை வைத்தாள். இளஞ்சூடாக இருந்தது. யாரோ உட்கார்ந்து எழுந்துபோன இடம் போல.

அவர்கள் வீடு தேடியதற்குக் காரணம் இருந்தது. அமலி எண்ணூர்ப் பக்கம் ஒரு துறைமுகத்தில் முக்குளிப்பவளாக வேலை பார்த்தாள். படகுத்துறையின் தூண்களைக் கடலுக்கடியில் போய்த் தடவிப் பார்த்து, எங்கே விரிசல், எங்கே துரு என்று சொல்கிற வேலை. தூத்துக்குடியில் அவள் அப்பா சங்கு குளித்தவர். தண்ணீர் அவளுக்குப் புதிது இல்லை. போன வருஷம் ஒரு தூணடியில் அறுந்து கிடந்த வலை அவள் காற்றுக்குழாயைச் சுற்றிக்கொண்டது. மேலே கொண்டுவந்தபோது அவளுக்கு நினைவு இல்லை. மதியச் சாப்பாட்டை அவளுக்குக் கொடுக்க வந்திருந்த பெனட் துறைமேடையில் நின்றுகொண்டிருந்தான். நீலம் பூத்த முகத்தோடு அவளைப் பலகையில் கிடத்தியதையும், இருவர் மாறி மாறி அவள் நெஞ்சில் அழுத்தியதையும் அவன்தான் பார்த்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. துறைமுகத்துக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மேற்பார்வையாளர் தணிகாசலம் அவ்வப்போது போனில் கூப்பிடுவார். பெனட் எடுத்து, “இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் சார். தண்ணினாலே அவளுக்குப் பதறுது” என்பான். அமலி பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பதறத்தான் செய்தது. யாராவது கடல் என்று சொன்னாலே பெனட் அவள் கையைப் பிடித்துக்கொள்வான். அவள் நெஞ்சு படபடக்கும். அது பயம்தான் என்று அவள் நம்பினாள்.

*

ஆலை மாதிரியில் முதலில் குடியிருந்தார்கள். பெனட்டுக்கு அது சொர்க்கம். அவன் கப்பல் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே சரக்கு அட்டவணை போடுகிறவன். மேஜையைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டான். அமலி அடுப்படியில் நின்றாலும், ஜன்னலோரம் நின்றாலும், கட்டிலில் புரண்டாலும் அவன் கண்ணில் பட்டாள்.

“ஏன் பெருமூச்சு விட்ட?”

“விட்டேனா?”

“விட்ட. இப்பத்தான்.”

“வெங்காயம் உரிச்சேன். அதுவா இருக்கும்.”

அவன் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பான். கோபிக்கிற ஆள் இல்லை. குரலை உயர்த்தியது கிடையாது. அவளுக்குப் பிடிக்குமென்று ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போய்ச் சீலா மீன் வாங்கிவந்து அவனே கழுவி அறுத்து வைப்பான். அப்படிப்பட்டவனிடம், கொஞ்ச நேரம் என்னைப் பார்க்காமல் இரேன் என்று எப்படிச் சொல்வது? அமலி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். வாசலை விட்டால் அந்த வீட்டில் கதவு உள்ள இடம் அது ஒன்றுதான். சற்று நேரத்தில் தட்டு விழும். “அமலி, நல்லாத்தானே இருக்க?”

கறிவேப்பிலை வாங்கக் கீழே இறங்கினாலும் அவன் கூடவே வந்தான். “நீ எதுக்கு வெயில்ல தனியா?” என்பான். வாசல் கதவின் பிடியில் அவள் கை வைக்கும்போதெல்லாம் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்கும்.

ஒரு நாள் காலை கண்விழித்தபோது கூடத்தின் ஒரு பக்கத்தில் தளம் ஒன்று வளர்ந்திருந்தது. மாடம். அதற்கு ஏறிப்போகப் படிகளும் கைப்பிடியும் முளைத்திருந்தன. அமலி காபிக் குவளையோடு மேலே ஏறினாள். அங்கிருந்து ஜன்னலின் மேல்பாதி கண்ணுக்கு நேரே வந்தது. ரயில்பாதை, அதற்கப்பால் தண்ணீர்த் தொட்டிகள், அவற்றுக்கும் அப்பால் பளபளவென்று ஒரு கோடு. அது கடல் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு தினமும் அங்கேயே போய் நின்றாள். கீழேயிருந்து பார்த்தால் அவள் முதுகு மட்டும்தான் தெரியும். முகம் அவளுக்கே சொந்தமாக இருந்தது.

அப்படி நின்றிருந்த ஒரு நாளில் தணிகாசலம் கூப்பிட்டார். போன் அவள் கையில் இருந்தது. அவளே எடுத்தாள்.

“அமலியா? நீயே எடுத்துட்டியா!” அவர் குரலில் ஆச்சரியம். “உன்னை முழுகச் சொல்லலம்மா. புதுசா ரெண்டு பிள்ளைங்க சேர்ந்திருக்கு. தூணைத் தட்டிப் பார்த்துச் சத்தத்தை வெச்சு விரிசல் சொல்லுவியே, அதைக் கத்துக்கொடுக்க ஆள் இல்லை. திங்கட்கிழமை வந்து சும்மா மேடையில நின்னுட்டுப் போ. பிடிக்கலைன்னா விட்ரு.”

“வாரேன் சார்” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

கீழே தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது. படியிறங்கி வந்தாள். பெனட் திரையைப் பார்த்தபடி, “போகணும்னு தோணுச்சுன்னா போ அமலி. நான் தடுக்கலையே” என்றான். சாந்தமாகத்தான் சொன்னான். “ஆனா உன் உடம்பு தாங்குமான்னு மட்டும் யோசி. கையைக் கொடு. பாரு, எப்படி அடிக்குது.”

அவன் விரல் அவள் மணிக்கட்டில் இருந்தது. அடித்துக்கொண்டுதான் இருந்தது.

மறுநாளே வீடு மாறிவிட்டது. மாடம் கரைந்து போயிருந்தது. அந்த இடத்தில் வெள்ளையாக ஓர் அறை. நாலு பக்கமும் மூடி, ஒரே ஒரு கதவு. மேலே மட்டும் முழுக்க மூடாமல், காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஒரு கை அகலத்துக்கு நீளவாக்கில் இடைவெளி.

தர்ஷினி போனில் உற்சாகமாகப் பேசினாள். “இவ்வளவு சீக்கிரம் எந்த வீட்லயும் முடிவெடுத்ததில்ல மேம்! அறை மாதிரிதான் உங்களுக்கு. இனி கொஞ்சம் கொஞ்சமா மெருகேத்தும், அவ்வளவுதான்.”

உண்மையில் அந்த அறையில் அமலி நன்றாகத் தூங்கினாள். கடந்த ஒரு வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை. கதவைச் சாத்தினால் யாரும் பார்க்கவில்லை; அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பெனட் குறை சொல்லவில்லை. “உனக்கு நல்ல தூக்கம் வருதுல்ல, அது போதும்” என்று சொல்லி, சோபாவை அவள் கதவுக்கு எதிரே போட்டுக்கொண்டு அங்கேயே படுத்தான். மேஜையையும் அந்தப் பக்கமே திருப்பிக்கொண்டான். அவள் கதவைத் திறந்தால் முதலில் தெரிவது அவன் முகம். உடனே சிரிப்பான்.

*

திங்கட்கிழமை காலை அமலி எழுந்து, தலைவாரி, சல்வாரை மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கத் திரும்பினாள். கதவு இல்லை.

தான் நிற்கும் பக்கம்தான் தப்பு என்று முதலில் நினைத்தாள். நாலு பக்கமும் தடவிப் பார்த்தாள். வழவழவென்று ஒரே சுவர். கீல் இருந்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

“ஏங்க!” என்று கூப்பிட்டாள். “ஏங்க, கதவைக் காணோம்!”

வெளியே சோபா கிறீச்சிட்டது. காலடி. உள்ளங்கை சுவரில் அறையும் சத்தம். “அமலி! என்ன ஆச்சு? எங்க இருக்க?”

“உள்ளதான் இருக்கேன். கதவு இல்ல.”

“பயப்படாத. நான் இருக்கேன். நான் இங்கேயேதான் இருக்கேன்.”

அவன் வீட்டின் பொறியாளரைக் கூப்பிட்டான். முபாரக் என்று பெயர். குடிவந்த அன்று ஒருமுறை வந்து போயிருந்தான். ஒலிபெருக்கியில் அவன் குரல் மேலிருந்த இடைவெளி வழியாக அமலிக்கும் கேட்டது.

“கரண்டை நிறுத்திடாதீங்க சார். நிறுத்தினா இப்படியே கல்லா இறுகிடும், அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும். நான் கிளம்பிட்டேன், பாலத்துக்கிட்ட நெரிசல்ல நிக்கறேன்.”

“எதுக்குய்யா இப்படிச் செய்யுது?” பெனட்டின் குரல் உடைந்தது.

“எது நடந்தா நெஞ்சு பதறுதோ, அது நடக்காம பார்த்துக்கும் சார். அதுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். கதவு தொறக்கிறப்பல்லாம் பதறியிருக்கு. அதனால கதவை எடுத்துடுச்சு. மேடம் ஏதாவது வெளியே போறதா இருந்தாங்களா?”

“இன்னிக்கு வேலைக்குப் போறதா இருந்தா. ஒரு விபத்து ஆச்சு அவளுக்கு. அதுலேர்ந்து...”

“அப்போ அதான் சார். போகணும்னு நினைக்க நினைக்க அவங்களுக்குப் பயம். வீடு அதைத்தான் படிச்சிருக்கு. ஆனா அது பயத்தை மட்டும்தான் படிக்கும், எதுக்குப் பயம்னு படிக்காது.”

அமலி சுவரில் சாய்ந்து நின்றாள். நான்தான் என்று நினைத்தாள். நானே எனக்குக் கதவை அடைத்துக்கொண்டேன். தணிகாசலத்திடம் வாய் சொல்லிற்று, உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை. நாலு பேர் நடுவில் அவமானப்பட்டது போல் அவளுக்குக் கண் கரித்தது.

“அமலி, மூச்சை மெல்ல விடு” என்றான் பெனட் வெளியிலிருந்து. “நீ எங்கேயும் போக வேண்டாம். நான் தணிகாசலத்துக்குச் சொல்லிடறேன். சரியா? நீ எங்கேயும் போக வேண்டாம்.”

“போகணும்” என்றாள் அவள். அழுகையோடுதான் சொன்னாள். “இப்பவே போகணும். தொறங்க.”

மேலே வெளிச்சம் குறைந்தது. அண்ணாந்து பார்த்தாள். கை அகலத்துக்கு இருந்த இடைவெளி நாலு விரலாகியிருந்தது. சுவரின் மேல்விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கி மெதுவாக வழிந்துகொண்டிருந்தன, பால் பாத்திரத்தில் ஆடை படர்வதுபோல. அவள் கத்தினாள். முஷ்டியால் குத்தினாள். கட்டிலை இழுத்துப் போட்டு ஏறி நின்று பார்த்தாள். விரல் நுனி எட்டவில்லை. வலை சுற்றிய தூணடி நினைவுக்கு வந்தது. அங்கேயும் இப்படித்தான், இழுக்க இழுக்க இறுகியது.

“முபாரக், அது மூடுது! மேல மூடுது!” பெனட் அலறினான்.

“சார், நீங்க அங்கேர்ந்து வெளிய போங்க.”

“என்னது?”

“நீங்க கத்தக் கத்த மேடத்துக்கும் பதற்றம் ஏறும். நீங்க இல்லைன்னா அவங்க அமைதியாவாங்க, சுவர் இளகும். படியிறங்கி கேட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. வேற வழி எனக்குத் தெரியல சார்.”

“அவளை இப்படி விட்டுட்டா?”

ஒலிபெருக்கியில், நெரிசலில் நின்ற வண்டிகளின் ஹாரன் மட்டும் கேட்டது.

“அமலி,” அவன் சுவரோடு வாயை வைத்துப் பேசினான். “நான் எப்படி உன்னை விட்டுட்டுப் போவேன்? அன்னிக்கு நான் சும்மா நின்னேன் அமலி. மேடையில டிபன்பாக்ஸைக் கையில வெச்சுக்கிட்டு சும்மா நின்னேன்.”

“போங்க.”

“நான் போனப்புறம் மேல முழுசா மூடிட்டா?”

“போங்கன்னு சொல்லுதேன்ல! தயவுசெஞ்சு போங்க!”

காலடிகள் வாசல் வரை போயின; திரும்பி வந்தன. இரண்டாம் முறையும் அப்படியே. இடைவெளி ஒரு விரல் ஆயிற்று. அறைக்குள் தன் மூச்சின் சூடு தன் முகத்திலேயே படுவதை அமலி உணர்ந்தாள். மூன்றாம் முறை அவன் ஓடினான். வாசல் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. படிகளில் தடதடவென்று இறங்கும் சத்தம் தேய்ந்து, நின்றுபோயிற்று.

அமலி அமைதியாகவில்லை. அமைதியாக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், முடியவில்லை. நெஞ்சு காதுக்குள் அடித்தது. கட்டிலிலிருந்து குதித்து, கதவு இருந்த பக்கத்தைத் தோளால் முட்டினாள். “தொறடா!” என்று வீட்டைத் திட்டினாள். அப்பாவோடு சங்கு குளித்த ஆட்கள் பேசுகிற வார்த்தைகளெல்லாம் வாயில் வந்தன. மறுபடி முட்டினாள். தோள் சேற்றில் புதைவதுபோல் உள்ளே போயிற்று. சுவர் இளகி, இரண்டாகப் பிரிந்து, அவள் கூடத்துத் தரையில் குப்புற விழுந்தாள்.

*

முபாரக் வந்தபோது அவள் அடுப்படியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவனோடு தர்ஷினியும் வந்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது. பெனட் இன்னும் கீழேதான். தாங்கள் கூப்பிடும்வரை வரவேண்டாம் என்று முபாரக் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

அவன் தன் கையடக்கத் திரையை வெகுநேரம் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். “மேடம், சுவர் தொறந்தப்போ நீங்க அமைதியா ஆயிட்டீங்களா?”

“எங்க? கெட்ட வார்த்தையா பேசிக்கிட்டு முட்டிக்கிட்டு இருந்தேன்.”

“அதான். உங்க நெஞ்சு அப்பவும் அடிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. ஆனா சார் கேட்டைத் தாண்டின உடனே சுவர் இளகிடுச்சு.” அவன் தயங்கினான். “நான் போன்ல தப்பாச் சொல்லிட்டேன் மேடம். வீடு ரெண்டு பேர் நெஞ்சையும் எடை போடும். எது பெருசோ அதைக் கேட்கும். கதவு தொறந்தப்பல்லாம் பதறினது உங்களுக்கு இல்ல.”

அமலி தம்ளரைக் கீழே வைத்தாள்.

“நீங்க கதவுக்கிட்ட போகும்போது உங்க நெஞ்சு சாதாரணமாத்தான் இருக்கு. முதல் நாள்லேர்ந்தே. சாருக்குத்தான் எகிறுது. இன்னிக்கு நீங்க உள்ள மாட்டிக்கிட்டு அடிச்சுக்கிட்டதை விட, நீங்க வெளிய வந்து போயிடுவீங்களோன்னு அவர் பதறினது பெருசா இருந்திருக்கு. அவருக்கே தெரிஞ்சிருக்காது மேடம். வாயால அவர் ‘தொற, தொற’ன்னுதான் கத்தினார்.”

தர்ஷினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அமலிக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்தாள். கடலை நினைத்தாள். தூண்களில் படிந்த சிப்பியை, பிறகு வேண்டுமென்றே அந்த அறுந்த வலையை நினைத்தாள். படபடப்பு இருந்தது. ஆனால் அது ஒரு வேலைக்குக் கிளம்புமுன் வருகிற படபடப்பு; அவளுக்குப் பழக்கமானது. ஒரு வருஷமாக இன்னொருவன் பயத்தைத் தன்னுடையதென்று சுமந்துகொண்டு வீட்டில் கிடந்திருக்கிறோம் என்பது புரிந்தபோதுதான் கோபம் வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. துறைமேடையில் டிபன்பாக்ஸோடு நின்ற ஆள் நினைவில் குறுக்கே வந்தான்.

முபாரக் கூப்பிட்ட பிறகு பெனட் மேலே வந்தான். அவளைக் கண்டதும் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டான். பிறகு தர்ஷினியிடம், “இந்த அறை மாதிரியே எடுத்துக்கறோம்மா. இந்தக் கோளாறை மட்டும் சரி பண்ணுங்க. பாவம், அவ உடம்பு இதைத்தான் கேட்குது” என்றான்.

“என் உடம்பு இல்லங்க” என்றாள் அமலி.

முபாரக் சொன்னதை அவள் சொன்னாள். குரலை உயர்த்தாமல், ஒவ்வொன்றாக. பெனட் கேட்டுக்கொண்டிருந்தான். பாதியில் சிரித்தான். “யாரு, நானா? நான் தடுத்தேனா உன்னை? ஒரு நாளாவது போகாதன்னு சொல்லியிருக்கேனா?”

“சொன்னதில்ல.”

“பின்ன? மெஷின் உளறுது.” அவன் முபாரக்கைப் பார்த்தான். “இப்பவே பார்த்துடலாம். அவ வாசலுக்குப் போகட்டும். நான் இங்க நிக்கறேன். என்ன ஆகுதுன்னு பார்ப்போம்.”

முபாரக் அமலியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவனும் தர்ஷினியும் வாசலுக்கு வெளியே போய் நின்றார்கள். பெனட் கூடத்தின் நடுவில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அமலி கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். நாலைந்து அடி வைத்திருப்பாள். அவளுக்கும் வாசலுக்கும் நடுவே தரை ஈரமானதுபோல் மின்னியது. ஒரு வரப்பு எழுந்தது. அகலமாக, வெள்ளையாக, கூடத்தின் ஒரு செங்கல் சுவரிலிருந்து மறு செங்கல் சுவர் வரை.

அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். பெனட் அந்த வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பின் மிச்சம் அப்படியே இருந்தது.

“நான் ஒண்ணும் நினைக்கல அமலி” என்றான். “சத்தியமா. போ. நான் ஒண்ணுமே நினைக்கல.”

வரப்பு கணுக்காலளவு ஆயிற்று. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். முகம் முழுக்கச் சுருங்கிற்று. மந்திரம்போல, “போ, போ, போ” என்று முணுமுணுத்தான். சுவர் முழங்கால் வரை வந்துவிட்டது.

அமலி சல்வாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் போட்டுத் தாண்டினாள்.

மறுபுறம் நின்று திரும்பினாள். இப்போது இடுப்பளவு. அதற்கு மேலே பெனட்டின் முகம். கண்ணைத் திறந்திருந்தான். சுவர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்த்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டும்போது பார்ப்பார்களே, அப்படி.

“இது நானா?” என்றான்.

அவள் அவன் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். உயர்வது சட்டென்று நின்றது. அவன் அதையும் பார்த்துவிட்டான்.

“வராத” என்றான். “நீ நின்னா இதுவும் நிக்கும். அப்புறம் ஆயுசுக்கும் நீ நின்னுக்கிட்டேதான் இருக்கணும். போ அமலி.”

“உள்ள அடைஞ்சுருவீங்க.”

“தண்ணி இருக்கு. நேத்து வெச்ச மீன் குழம்பு இருக்கு. போ.”

அவள் வாசலைத் தாண்டியபோது சுவர் கூரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முபாரக் நடையிலேயே உட்கார்ந்துகொண்டான். தான் காவல் இருப்பதாகவும், மேலே காற்றுக்கு வழி விடச் செய்துவிட்டதாகவும், அதை இனி மூடவிட மாட்டேன் என்றும் சொன்னான். அமலி படியிறங்கினாள். கேட்டைத் தாண்டினாள். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் இரண்டு முறை இறங்கிவிடலாமா என்று நினைத்தாள். எண்ணூர் நெடுஞ்சாலையில் உப்புக்காற்று அடிக்கத் தொடங்கிய பிறகு நினைக்கவில்லை.

*

அவள் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆலையின் ஜன்னல்களில் செவ்வொளி. நடையில் முபாரக் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வாசல் திறந்தே இருந்தது.

சுவர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. பெனட் அதன்மேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கழுவாத சாப்பாட்டுத் தட்டு.

“எப்ப இறங்குச்சு?”

“மத்தியானம் வரைக்கும் கூரையைத் தொடுற உயரத்துலதான் இருந்தது. அழுதேன். கத்தினேன். உன் போனுக்கு அடிக்கலாம்னு எடுத்தேன், அடிக்கல.” அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “எவ்வளவு நேரம்தான் பயப்படுறது? பசிச்சுது. சாப்பிட்டேன். தூங்கிட்டேன் போல. எழுந்து பார்த்தா நெஞ்சளவுதான் இருந்தது.”

“தர்ஷினி மறுபடி வந்தாளா?”

“போன் பண்ணுச்சு. எந்த மாதிரி வேணும்னு கேட்டுச்சு. சாதாரண சுவர் வெச்ச வீடு கேட்டேன். அவங்ககிட்ட அப்படி இல்லையாம்.” அவன் கையால் சுவரைத் தட்டினான். “இது மட்டும் இதுக்கு மேல இறங்க மாட்டேங்குது. நானும் பார்த்துட்டேன்.”

அமலி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவன் அவள் தலையைக் கவனித்தான். பின்னல் ஈரமாக இருந்தது. கழுத்தோரம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

“முழுகினியா?”

“அந்தப் பிள்ளைங்களுக்குச் சொன்னாப் புரியல. இறங்கிக் காட்டினேன். ரெண்டு ஆள் ஆழம்தான்.”

அவன் தலையாட்டினான். அவர்களுக்குக் கீழே சுவர் லேசாகச் சூடேறி, ஒரு விரற்கடை உயர்ந்தது. உட்கார்ந்திருந்த இருவரும் அதோடு சற்று மேலே போனார்கள். பெனட் வெட்கப்பட்டவன்போல் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். பாதம் தரையை விட்டு எழும்பியிருந்தது.

அது மறுபடி இறங்குமா என்று இருவரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். இறங்கவில்லை; மேற்கொண்டு ஏறவும் இல்லை.

“நாளைக்கும் வரச் சொல்லியிருக்காங்க” என்றாள் அமலி. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, சுவரைத் தாண்டி வீட்டுக்குள் போனாள்.